கடன் வரம்பை யார் மாற்றியது? புல மாற்றங்களுக்கு ஆடிட் லாக் அமைப்பது பற்றி

நீங்கள் கேட்டிருப்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். விற்பனை மென்பொருளுக்குப் பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருக்கிறது. வாடிக்கையாளரின் கடன் வரம்பும் சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணும் (டேபிளின் இப்படிப்பட்ட ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு ‘புலம்’) எப்போதோ மாறியிருக்கின்றன. யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்று சொல்ல வழியில்லை. எல்லா டேபிளுக்கும் டிரிகர் (தரவு மாறும்போது தரவுத்தளமே தானாக ஓட்டும் நிரல்) போட்டுவிடலாமா, சர்வரின் லாக் கோப்பை இயக்கினாலே போதுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாற்றத்தைப் பிடிப்பது எப்படி என்பது ஒன்று. பிடித்ததில் ஆளின் பெயர் சரியாக இருக்க என்ன செய்வது என்பது மற்றொன்று. முதலாவதை ஒரு நாளில் முடித்துவிடலாம். பெரும்பாலான அமைப்புகள் கோட்டை விடுவது இரண்டாவதில்தான்.

லாக் கோப்பு போதாது, இதில் சந்தேகமே வேண்டாம். சர்வர் லாக்கிலும் சரி, பிஜிஆடிட் நீட்சியிலும் சரி, பதிவாவது ஓடிய கட்டளை மட்டுமே. ‘விலையைப் பத்து சதவீதம் கூட்டு’ என்ற ஒரே கட்டளை ஆயிரம் வரிசைகளை மாற்றியிருக்கலாம். எந்த வரிசையில் பழைய விலை என்ன, புதிய விலை என்ன என்பது அதில் கிடைக்காது. தரவுத்தள நிர்வாகி என்னென்ன கட்டளை ஓட்டினார் என்று பார்க்க பிஜிஆடிட் நல்ல கருவி. புல வரலாற்றுக்கு அது மாற்று ஆகாது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

டிரிகர் எழுதும் முன், உங்கள் மென்பொருளிலேயே இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலிருந்து தொடங்குவதே சரி, ஏனென்றால் மென்பொருளுக்குத் தன் பயனரின் பெயர் முன்பே தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸின் வழக்கமான புல வரலாறு ஒரு ஆப்ஜெக்டுக்கு 20 புலங்கள் வரைதான் தொடரும். 255 எழுத்தைத் தாண்டும் நீள உரைப் புலங்களில் ‘மாறியது’ என்று மட்டும் எழுதும், பழைய, புதிய மதிப்புகளை வைக்காது. ஃபார்முலா புலங்களைத் தொடரவே முடியாது. டைனமிக்ஸ் 365-இன் டேட்டாவெர்ஸில் சூழல், டேபிள், புலம் என்று மூன்று நிலையிலும் ஆடிட் இயங்கியிருக்க வேண்டும். ஒன்று அணைந்திருந்தாலும் பதிவு வராது, பிழைச் செய்தியும் வராது. எஸ்ஏபி தன் மாற்ற ஆவணங்களை சிடிஹெச்டிஆர், சிடிபிஓஎஸ் என்ற இரு டேபிள்களில் வைக்கிறது. ஓடூவில் புலத்தின் வரையறையில் ‘டிராக்கிங்’ என்று குறித்தால், மாற்றம் அந்த ஆவணத்தின் கீழே உரையாடல் போலத் தெரியும். ஓடூ முறையின் ஓட்டை எளிமையானது. யாராவது நேரடியாகத் தரவுத்தளத்தில் ஓர் அப்டேட் ஓட்டினால், மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் கவலை வங்கிக் கணக்கு எண் என்பதால், மென்பொருளின் வசதியோடு நின்றுவிடாமல் தரவுத்தள அளவிலும் டிரிகர் வேண்டும் என்பது என் கருத்து.

‘எல்லா டேபிளுக்கும்’ என்பதை மட்டும் கைவிடுங்கள். தற்காலிக டேபிள்கள், வரிசையில் காத்திருக்கும் வேலைகளின் டேபிள், செஷன் டேபிள் எல்லாம் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றைப் பதிவுசெய்தால் தேடும்போது தேவையானது புதைந்துபோகும். பணம், அடையாளம், அனுமதி இந்த மூன்றில் ஒன்றைத் தொடும் டேபிள்களை மட்டும் எடுங்கள்: வாடிக்கையாளர், சப்ளையர், விலைப்பட்டியல், வரி விகிதம், பயனர் உரிமைகள். தேர்ந்தெடுத்த டேபிளுக்குள் முறையைத் திருப்பிப் போடுங்கள். பதிவாக வேண்டிய புலங்களைப் பட்டியலிடாமல், பதிவாகத் தேவையில்லாதவற்றைப் பட்டியலிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாரோ புதிதாகச் சேர்க்கும் புலம் அப்போது தானாகவே லாக்கில் வந்துவிடும். விலக்கில் ‘கடைசியாக மாற்றிய நேரம்’, ‘பதிப்பு எண்’ போன்றவை கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால், எதுவுமே மாறாமல் ‘சேமி’ பொத்தானை அழுத்தினாலும் ஒரு பதிவு விழும்.

டிரிகரை ஒவ்வொரு வரிசைக்கும், மாற்றத்துக்குப் பின் ஓடும் வகையில் வையுங்கள். மாற்றத்துக்கு முன் ஓடும் டிரிகர்கள் மதிப்பைத் திருத்தக்கூடும். போஸ்ட்கிரெஸ் ஒரே வகை டிரிகர்களைப் பெயரின் அகரவரிசையில் ஓட்டுகிறது. ஆகவே உங்கள் ஆடிட் முன்கூட்டியே ஓடிவிட்டால், அதன் பிறகு இன்னொரு டிரிகர் மாற்றிய மதிப்பைத் தவறவிடும். ‘இந்தப் புலம் அப்டேட் ஆனால் மட்டும்’ என்று டிரிகரில் நிபந்தனை வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. அந்த நிபந்தனை, கட்டளையில் அந்தப் புலத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். வேறொரு டிரிகர் உள்ளே மாற்றிய மதிப்பை அது கண்டுகொள்ளாது.

டிரிகர் ஃபங்ஷனுக்குள் பழைய வரிசையையும் புதிய வரிசையையும் ‘டூ ஜேசன்பி’ மூலம் ஜேசன்பி (சாவி, அதாவது புலப் பெயர், அதன் மதிப்பு என்ற சோடிகளாக வைக்கும் வடிவம்) ஆக்கி, ஒவ்வொரு சாவியாக ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எடுத்து ஆடிட் டேபிளில் ஒரு வரிசையாக எழுதுங்கள். இப்படி எழுதினால் எல்லா டேபிளுக்கும் ஒரே ஃபங்ஷன் போதும். ஒப்பிடும்போது ‘சமமல்ல’ குறியைப் பயன்படுத்தக் கூடாது. காலியாக, அதாவது ‘நல்’ ஆக இருந்த புலத்தில் முதன்முறை வங்கிக் கணக்கு எண் ஏறும்போது, அந்த ஒப்பீட்டின் விடை உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல, அதுவும் ‘நல்’தான். மாற்றம் சத்தமில்லாமல் தப்பிவிடும். ‘இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்’ என்ற ஒப்பீடு இதைச் சரியாகக் கையாளும். எதிர்த்திசைத் தொல்லை ஒன்றும் உண்டு. சில திரைகள் ‘நல்’ ஆக இருந்ததை வெற்றுச் சரமாகத் திருப்பி அனுப்பும். பயனர் எதையும் தொடாமலே பத்துப் புலங்கள் மாறியதாக லாக் சொல்லும். அதை ஆடிட்டில் மறைக்காதீர்கள், திரையில் சரிசெய்யுங்கள்.

ஆடிட் டேபிளில் இருக்க வேண்டியவை: ஏறுவரிசை எண், டிரான்ஸாக்ஷன் (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) எண், டேபிளின் பெயர், வரிசையின் முதன்மைச் சாவி, செயல் (சேர்ப்பு, மாற்றம், நீக்கம்), பழைய மதிப்புகள், புதிய மதிப்புகள், மென்பொருள் பயனர், தரவுத்தளப் பயனர், இணைப்பு வந்த முகவரி, எங்கிருந்து வந்தது (திரை, இறக்குமதி, இரவு வேலை). முதன்மைச் சாவியோடு வாடிக்கையாளர் குறியீடு போல மனிதர் படிக்கும் அடையாளத்தையும் எழுதிவையுங்கள். மூல வரிசை நீக்கப்பட்ட பிறகு 48213 என்ற எண் யாருக்கும் எதையும் சொல்லாது. நீக்கத்தின்போது பழைய வரிசை முழுவதையும் எழுதுங்கள், மாறிய புலங்கள் என்ற கணக்கு அங்கே செல்லாது. ஆடிட் டேபிளிலிருந்து மூல டேபிளுக்கு ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் கட்டுப்பாடு) வைக்கவே கூடாது. வைத்தால், நீக்கம் தடைபடும். ‘கேஸ்கேட்’ என்று வைத்திருந்தால் இன்னும் மோசம், வாடிக்கையாளரை நீக்கும்போது அவருடைய வரலாறும் சேர்ந்து அழியும்.

புலத்துக்கு ஒரு வரிசையா, மாற்றத்துக்கு ஒரு வரிசையா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. மாற்றத்துக்கு ஒரு வரிசை வைத்து, அதைப் புலம் புலமாகப் பிரித்துக் காட்டும் ஒரு வியூவை (டேபிள் போலப் படிக்கக்கூடிய, சேமித்த வினவலை) மேலே வைப்பதே நான் பரிந்துரைப்பது. எழுதுவது குறையும், கேட்பவருக்கும் புலவாரியாகக் கிடைக்கும். புலத்துக்கு ஒரு வரிசை வைப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். பத்துப் பதினைந்து புலங்களை மட்டும் தொடரும் சின்ன அமைப்புக்கு அதுவே எளிது.

இனி ஆளின் பெயர். வணிக மென்பொருள்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே தரவுத்தளக் கணக்கில் இணைகின்றன. ஆகவே டிரிகருக்குள்ளிருந்து பார்த்தால், கணக்குப் பிரிவில் இருப்பவரும் கிடங்கில் இருப்பவரும் ஒரே ஆள். மென்பொருள் ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனின் தொடக்கத்திலும் தன் பயனர் எண்ணைத் தரவுத்தளத்துக்குச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸில் ‘செட் கான்ஃபிக்’ ஃபங்ஷனை அழைத்து, மூன்றாவது அளவுருவில் ‘ட்ரூ’ கொடுத்தால் அந்த மதிப்பு அந்த டிரான்ஸாக்ஷனோடு முடிந்துவிடும். அந்த மூன்றாவது அளவுருவில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ‘ஃபால்ஸ்’ கொடுத்தால் மதிப்பு இணைப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். இடையில் பிஜிபவுன்சர் போன்ற இணைப்புப் பகிர்வு டிரான்ஸாக்ஷன் முறையில் இருந்தால், அதே இணைப்பு அடுத்த நொடி இன்னொருவருக்குப் போகும். அவர் செய்த மாற்றம் முந்தையவர் பெயரில் விழும். பெயரே இல்லாத லாக்கைவிட இது கொடியது, ஒரு நிரபராதியைக் கைகாட்டிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டு பயனர்கள் ஒரே பகிர்ந்த இணைப்பில் மாறி மாறி எழுதும் சோதனையைச் செய்யாமல் எந்த ஆடிட்டையும் நடைமுறைக்குக் கொண்டுவரக் கூடாது.

இதிலேயே ஒரு நுட்பம் உண்டு. டிரான்ஸாக்ஷன் முடிந்தபின் அதே இணைப்பில் அந்த மதிப்பைப் படித்தால் ‘நல்’ வராது, வெற்றுச் சரம் வரும். ‘நல்’ஆ என்று மட்டும் சோதிக்கும் டிரிகர், பயனர் பெயர் இருப்பதாக நினைத்து வெற்றிடத்தை எழுதிவிடும். வெற்றுச் சரத்தை ‘நல்’ ஆக்கிவிட்டுச் சோதியுங்கள். பெயர் இல்லையென்றால் என்ன செய்வது? வங்கிக் கணக்கு, பயனர் உரிமை போன்ற டேபிள்களில் டிரிகர் பிழை எழுப்பி மாற்றத்தையே நிராகரிக்கட்டும். மற்ற டேபிள்களில் ‘தெரியாது’ என்று எழுதிவிட்டு, அந்தப் பதிவுகளை வாரம் ஒருமுறை பாருங்கள். நிராகரிக்கும் முடிவு முதல் வாரத்தில் பல இரவு வேலைகளை உடைக்கும். உடையும் ஒவ்வொன்றும் பெயரில்லாமல் எழுதிக்கொண்டிருந்த ஒரு வழி என்பதால், அந்தத் தொல்லைக்குப் பலன் உண்டு.

மென்பொருள் சொல்லும் பெயரை எவ்வளவு நம்பலாம்? மென்பொருளின் தரவுத்தளக் கடவுச்சொல் கையில் இருக்கும் யாரும் எந்தப் பெயரையும் சொல்லிவிடலாம். அதனால்தான் தரவுத்தளப் பயனரையும் முகவரியையும் கூடவே எழுதச் சொன்னேன். தரவுத்தளப் பயனரை ‘செஷன் யூசர்’ வழியாக எடுங்கள். ஃபங்ஷன் ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ ஆக (அழைப்பவரின் உரிமையில் அல்லாமல் தன் உரிமையாளரின் உரிமையில் ஓடுவதாக) இருக்கும்போது ‘கரன்ட் யூசர்’ ஃபங்ஷனின் உரிமையாளரைத்தான் காட்டும். அப்படி வைப்பது எதற்கென்றால், மென்பொருளின் கணக்குக்கு ஆடிட் டேபிளில் எழுதவோ திருத்தவோ நேரடி உரிமை எதுவும் தராமல், டிரிகர் வழியாக மட்டும் எழுத வைக்கலாம். அந்த ஃபங்ஷனுக்கு ‘சர்ச் பாத்’ (பெயர்களைத் தரவுத்தளத்தின் எந்தெந்தப் பகுதியில் தேடுவது என்ற பட்டியல்) மதிப்பை வெளிப்படையாகப் பூட்டிவிடுங்கள். மென்பொருளின் கணக்கே டேபிள்களின் உரிமையாளராக இருந்தால் இத்தனையும் வீண், டிரிகரை அணைக்கும் உரிமை அதற்கு உண்டு. உரிமையாளரைப் பிரிப்பதை முதல் வேலையாக வையுங்கள்.

எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசரைத் தரவுத்தளத்துக்குள் இருந்துகொண்டே தடுக்க முடியாது. ‘செஷன் ரெப்ளிகேஷன் ரோல்’ என்ற அமைப்பை மாற்றினால் சாதாரண டிரிகர்கள் ஓடாது. டிரிகரை ‘எனேபிள் ஆல்வேஸ்’ என்று வைத்து இதைத் தடுக்கலாம், ஆனால் அவர் டிரிகரையே நீக்கிவிடலாம். பதிவுகளை அவருக்கு எட்டாத இன்னொரு சர்வருக்கு உடனுக்குடன் அனுப்புவதே தீர்வு. ஒவ்வொரு பதிவிலும் முந்தையதன் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீட்டை) சேர்க்கும் சங்கிலி முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது திருத்தத்தைக் கண்டுபிடிக்க உதவும், தடுக்காது. எல்லா எழுத்தும் ஒருவர் பின் ஒருவராகக் காத்திருக்க வேண்டிவரும். வெளியே நகல் இல்லாமல் சங்கிலி மட்டும் இருந்தால், திருத்துபவர் சங்கிலியையும் புதிதாகக் கட்டிவிடலாம்.

டிரிகருக்குத் தெரியாமல் தரவு மாறும் வழிகள் இன்னும் உண்டு. போஸ்ட்கிரெஸில் ‘ட்ரன்கேட்’ (டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் கட்டளை) வரிசை டிரிகர்களை ஓட்டாது. அந்த உரிமையைப் பறியுங்கள், அல்லது அதற்கென்று கட்டளை அளவு டிரிகர் ஒன்று வையுங்கள். மைஎஸ்கியூஎல் 8-இல் ஃபாரின் கீ கேஸ்கேட் வழியாக நடக்கும் மாற்றங்களுக்கு டிரிகர் ஓடாது. எஸ்கியூஎல் சர்வரில் ‘பல்க் இன்சர்ட்’ (கோப்பிலிருந்து மொத்தமாகத் தரவை ஏற்றும் கட்டளை) தனியாகச் சொன்னாலொழிய டிரிகரை ஓட்டாது. மேலும் அங்கே டிரிகர் கட்டளைக்கு ஒருமுறைதான் ஓடும். வரிசை ஒன்றுக்கு என்று நினைத்து எழுதியவர்களின் லாக்கில், ஐந்நூறு வரிசை மாறினாலும் ஒன்றுதான் பதிவாகும். இறக்குமதி மெதுவாக இருக்கிறது என்று ஆடிட் டிரிகரை அணைத்துவிட்டு ஓட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது, செய்யாதீர்கள். இரண்டு லட்சம் விலைகள் மாறுவது இரண்டு லட்சம் பதிவுகளை எழுதும் என்பது உண்மைதான். தொகுதி எண்ணைப் போட்டு எழுதவிடுங்கள். பின்னால் விலைத் தகராறு வரும்போது தேடுவது அந்தப் பதிவுகளைத்தான்.

எஸ்கியூஎல் சர்வர் 2016 முதலும் மரியாடிபி 10.3 முதலும் கிடைக்கும் காலப் பதிப்பு டேபிள்கள் டிரிகரே இல்லாமல் பழைய வரிசைகளைச் சேமிக்கும். ‘மார்ச் 31 அன்று கடன் வரம்பு என்ன’ என்ற கேள்விக்கு அவற்றைவிட எளிய வழி இல்லை. ஆனால் யார் என்பது அவற்றில் இல்லை. ‘மாற்றியவர்’ என்ற புலத்தை நீங்களே டேபிளில் வைத்து மென்பொருளை நிரப்பச் செய்ய வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் எழுதும் நேரம் யூடிசி என்பதையும் நினைவில் வையுங்கள். டிபீசியம் போன்ற கருவிகள் டிரான்ஸாக்ஷன் லாக்கையே படித்து மாற்றங்களை வெளியே அனுப்புகின்றன. நேரடி அப்டேட்டும் அவற்றிடமிருந்து தப்பாது. அங்கேயும் மென்பொருள் பயனர் கிடைக்க மாட்டார். போஸ்ட்கிரெஸில் பழைய மதிப்புகள் முழுதாக வேண்டுமென்றால் டேபிளுக்கு ‘ரெப்ளிகா ஐடென்டிட்டி ஃபுல்’ என்ற அமைப்பை வைக்க வேண்டும். படிக்கும் கருவி நின்றுபோனால் ஸ்லாட் (கருவி எதுவரை படித்தது என்று தரவுத்தளம் வைத்திருக்கும் குறிப்பு) லாக்கைத் தேக்கி டிஸ்க்கை நிரப்பிவிடும். 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு உச்சவரம்பு வைக்கலாம். உங்கள் அளவுக்கு இது அதிகப்படி என்பது என் கணிப்பு.

நேரத்தை எழுதும்போது ஒரு சூட்சுமம். போஸ்ட்கிரெஸில் ‘நவ்’ தருவது டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம். 10:00:00-க்குத் தொடங்கிய ஒன்று 10:00:10-இல் எழுதலாம். நடுவே 10:00:05-க்குத் தொடங்கிய இன்னொன்று எழுதி முடித்திருக்கலாம். ‘நவ்’ வரிசையில் பார்த்தால் பின்னால் நடந்தது முன்னால் தெரியும். ‘கிளாக் டைம்ஸ்டாம்ப்’ தரும் நேரத்தையும் எழுதுங்கள், வரிசைப்படுத்த ஏறுவரிசை எண்ணைப் பயன்படுத்துங்கள். நேர மண்டலத்தோடு கூடிய வகையையே தேர்ந்தெடுங்கள்.

இடம் பற்றிப் பயப்படத் தேவையில்லை, கணக்குப் போட்டால் போதும். நாளுக்கு 20,000 மாற்றங்கள், ஒவ்வொன்றும் 500 பைட் என்றால் நாளுக்கு 10 எம்பி, ஆண்டுக்கு இன்டெக்ஸ் நீங்கலாக மூன்றரை ஜிபிக்குச் சற்று மேல். டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்துவிட்டால் (துண்டுகளாகப் பிரித்துவிட்டால்), வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் ஒரு பார்ட்டிஷனை அப்படியே எடுத்துவிடலாம். டேபிள் பெயர், சாவி, ஏறுவரிசை எண் இம்மூன்றுக்கும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ், நேரத்துக்கு ஒரு பிரின் இன்டெக்ஸ் (தொகுதிவாரியாகச் சுருக்கம் மட்டும் வைக்கும் சிறிய இன்டெக்ஸ்) போதும். டிரிகரால் சேமிப்பு எவ்வளவு மெதுவாகும் என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. உங்கள் இறக்குமதி வேலையை டிரிகரோடும் இல்லாமலும் ஓட்டி அளந்து பாருங்கள்.

கடவுச்சொல் ஹேஷ், அட்டை எண் போன்றவற்றை லாக்கில் மதிப்பாக எழுதாதீர்கள், ‘மாறியது’ என்று மட்டும் எழுதுங்கள். சம்பளத் திரையைப் பார்க்க அனுமதி இல்லாதவர் ஆடிட் திரையில் பழைய சம்பளத்தைப் பார்த்துவிடும் ஓட்டை அடிக்கடி நடப்பது. படிக்கும் உரிமையை மூல டேபிளின் உரிமையோடு பொருத்துங்கள். இந்த லாக் சொல்லாதவையும் உண்டு. யார் பார்த்தார்கள் என்பது இதில் வராது. ஏன் மாற்றினார்கள் என்பது, திரையில் காரணம் கேட்டு வாங்கினால் மட்டுமே வரும். நான்கு பேர் ஒரே உள்நுழைவைப் பகிர்ந்தால், எந்த டிரிகராலும் அவர்களைப் பிரித்துச் சொல்ல முடியாது.

அமைத்த பிறகு மாதம் ஒருமுறை ஓட்ட ஒரு வினவலை எழுதிவையுங்கள். ஒரே வரிசையின் ஒரே புலத்தில், ஒவ்வொரு பதிவின் பழைய மதிப்பும் அதற்கு முந்தைய பதிவின் புதிய மதிப்போடு பொருந்த வேண்டும். கடைசிப் பதிவின் புதிய மதிப்பு மூல டேபிளில் இன்று இருப்பதோடு பொருந்த வேண்டும். முந்தைய வரிசையின் மதிப்பைத் தரும் ‘லேக்’ ஃபங்ஷனைக் கொண்டு இதைச் சில வரிகளில் எழுதலாம். பொருந்தாத இடம் கிடைத்தால், அந்த இரண்டு பதிவுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் டிரிகரைத் தாண்டி ஏதோ எழுதியிருக்கிறது என்று பொருள். அந்த இடைவெளியில் ஓடிய இறக்குமதி, மீட்டெடுப்பு, நிர்வாகியின் கட்டளை இம்மூன்றையும் பிஜிஆடிட் லாக்கில் தேடுங்கள்.